கேவிஎம்: ஃபர்ம்வேரை 4 ஜிபி எல்லைக்குக் கீழ மேப் பண்ணியும் விஎம் ஊமையா ஓடுது

#1 சுழியன்

வணக்கம் மக்களே. சி மொழியில சின்னதா ஒரு விஎம்எம் (விர்ச்சுவல் மெஷினை, அதாவது விஎம்மை ஓட்டுற நிரல்) எழுதிக்கிட்டிருக்கேன். க்யூஎமுங்கற ரெடிமேட் எமுலேட்டர் துணை இல்லாம, நேரா கேவிஎம்மோட (லினக்ஸ் கர்னல்ல இருக்கற விஎம் வசதி) ஐஓ கன்ட்ரோல் அழைப்புகள்தான். லினக்ஸ் கர்னலை மெமரில ஏத்தி ஓட்டுற கட்டம் தாண்டியாச்சு. இப்ப முறைப்படி ஃபர்ம்வேர்ல இருந்து பூட் ஆகணும். கையில இருக்கறது சீபயாஸ்ங்கற ஓப்பன் சோர்ஸ் பயாஸ், 256 கேபி பைனரி.

முதல்ல கெஸ்டுக்கு (உள்ள ஓடுற விஎம்) 4 ஜிபி ரேமை ஒரே ஸ்லாட்டா (கெஸ்ட் முகவரியை ஹோஸ்ட் மெமரியோட இணைக்கற பதிவு) முகவரி 0-ல இருந்து கொடுத்தேன். பயாஸ் கோப்பை எம்மேப் பண்ணி (மெமரி மாதிரியே தொடற வகையில இணைச்சு), 4 ஜிபிக்கு 256 கேபி கீழ இன்னொரு ஸ்லாட். ரெண்டாவது அழைப்பு இஎக்ஸிஸ்ட் (ஏற்கெனவே இருக்கு) பிழையோட திரும்பிருச்சு. ரேமை 3 ஜிபியா குறைச்சதும் ரெண்டையும் ஏத்துக்கிச்சு. ஆனா ஓட்டினா ஹோஸ்ட்ல ஒரு கோர் நூறு சதவீதத்துல நிக்குது, வெளிய ஒன்னும் வரலை. சீபயாஸ் டீபக் எழுத்தெல்லாம் ஹெக்ஸ் 402 போர்ட்ல வரணும். அங்க ஒரு எக்சிட் (கெஸ்ட் நின்னு விஎம்எம் கிட்ட வர்றது) கூட இல்லை. எம்எம்ஐஓ (மெமரி முகவரி வழியா சாதனத்தைத் தொடறது) எக்சிட்டும் இல்லை. ரீசெட்ல கேவிஎம் வைக்கற ரெஜிஸ்டர் மதிப்பு எதையும் நான் தொடலை.

ரீசெட் வெக்டர் (சிபியு முதல் இன்ஸ்ட்ரக்ஷனை எடுக்கற இடம்) 4 ஜிபிக்கு 16 பைட் கீழ இருக்குன்னு தெரியும். அந்த இடம் மேப் ஆகியிருக்குன்னும் பாத்துட்டேன். அப்புறம் எங்க போய் மாட்டுது?

#2 கோர்டம்ப்

முதல்ல அந்த இஎக்ஸிஸ்ட். ரெண்டு ஸ்லாட்டோட கெஸ்ட் முகவரி ஒன்னு மேல ஒன்னு ஏறக்கூடாது, கேவிஎம் அதுல கறார். க்யூஎமுல ரேம் மேல ரோம் வச்சாலும் ஓடுதேன்னு தோணும். அங்க மெமரி ரீஜன்களை மரமா அடுக்கி, எதுக்கு முன்னுரிமைன்னு பாத்து, எல்லாத்தையும் தட்டையாக்கின பிறகுதான் கேவிஎம் கிட்ட கொடுக்கும். அந்த வேலையை நீங்க கையால பண்ணணும். 4 ஜிபிக்குக் கீழ ஒரு இடைவெளி விட்டே ஆகணும்: ஐஓ ஏபிக், லோக்கல் ஏபிக் (ரெண்டும் இன்டரப்ட் கன்ட்ரோலர்கள்), பிசிஐ சாதனங்கள், உச்சில ஃபர்ம்வேர் எல்லாம் அங்கதான் குடியிருக்கு. மீதி ரேமை 4 ஜிபிக்கு மேல இன்னொரு ஸ்லாட்டா வைங்க.

இப்ப ஊமை விஷயம். ஸ்லாட்டே இல்லாத முகவரில இருந்து விசிபியு (கெஸ்டோட சிபியு) இன்ஸ்ட்ரக்ஷன் எடுக்கப் போனா, எமுலேஷன் தோல்வின்னு இன்டர்னல் எரர் வந்து நின்னிருக்கும், சப்எரர் 1. உங்களுக்கு நிக்கல, ஓடிக்கிட்டே இருக்கு. அப்படின்னா ஏதோ ஒரு நிஜ ரேம்ல இருந்துதான் படிக்குது. கெஸ்ட் டீபக் அழைப்புல சிங்கிள் ஸ்டெப் போட்டு முதல் அஞ்சாறு அடியில சிஎஸ் பேஸும் (நிரல் செக்மென்டோட தொடக்க முகவரி) ஐபியும் (அதுக்குள்ள இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கற இடம்) என்னன்னு போடுங்க ப்ரோ.

#3 சுழியன்

இதோ, டெசிமல்ல:

தொடக்கம்: சிஎஸ் பேஸ் = 4 ஜிபி − 64 கேபி, ஐபி = 65520
1-வது அடி: சிஎஸ் பேஸ் = 960 கேபி, ஐபி = 57435
2-வது அடி: பேஸ் அதேதான், ஐபி = 57437
3-வது: 57439
4-வது: 57441

அதுக்கப்புறமும் ரெண்டு ரெண்டா ஏறிக்கிட்டே போகுது.

#4 அடிமட்டம்

ரெண்டு ரெண்டா ஏறுதுன்னு நீங்க எழுதின அந்த வரியிலயே விடை இருக்கு தம்பி. சுழி சுழின்னு ரெண்டு பைட் சேர்ந்தா எக்ஸ்86-ல அது ஒரு செல்லுபடியாகற ஆட் இன்ஸ்ட்ரக்ஷன்: பிஎக்ஸ் கூட்டல் எஸ்ஐ காட்டுற இடத்துல ஏஎல் மதிப்பைக் கூட்டு. ரீசெட்டுக்கு அப்புறம் பிஎக்ஸ், எஸ்ஐ, ஏஎல் மூணுமே சுழி. அதனால முகவரி 0-ல சுழியைக் கூட்டுது. எதுவும் மாறாது, எதுவும் உடையாது. வெறும் ரேமை நிரல்னு நினைச்சு விசிபியு சந்தோஷமா நடந்துக்கிட்டிருக்கு. செக்மென்ட் ஓரத்துல கடைசி இன்ஸ்ட்ரக்ஷன் பாதி வெளிய நீட்டிக்கிட்டு நிக்கறப்ப ஒரு ஜெனரல் புரொடெக்ஷன் ஃபால்ட் வரும். இன்டரப்ட் வெக்டர் டேபிளும் முழுக்க சுழி, ஆக 0000:0000-க்குத் தாவும். அங்கயும் சுழி. நூறு சதவீதம் ஏன்னு இப்ப புரியுதா?

உங்க பயாஸ் கோப்போட கடைசி 16 பைட்டை ஒரு ஹெக்ஸ் வியூவர்ல திறந்து பாருங்க. முதல் அஞ்சு பைட் டெசிமல்ல 234, 91, 224, 0, 240. இதுல 234-ங்கறது ஃபார் ஜம்ப். அடுத்த ரெண்டு ஆஃப்செட், அதாவது 57435. கடைசி ரெண்டு செக்மென்ட், ஹெக்ஸ்ல எஃப்000. அதுக்குப் பக்கத்துலயே 06/23/99-னு ஒரு தேதி எழுத்தா தெரியும். பழைய பயாஸ்கள் அந்த இடத்துல தேதி வைக்கும், சீபயாஸ் அந்த வழக்கத்தைத் தொடருது.

சிபியு ரீசெட் ஆகறப்ப சிஎஸ் செலக்டர் எஃப்000-தான். ஆனா உள்ள மறைஞ்சிருக்கற பேஸ் அதோட 16 மடங்கு இல்லை, 4 ஜிபிக்கு 64 கேபி கீழ. அந்தச் சலுகை சிஎஸ்ஸை மறுபடி ஏத்தற வரைக்கும்தான். ஃபார் ஜம்ப் சிஎஸ்ஸை ஏத்தின நொடியே சாதாரண ரியல் மோட் (16 பிட் நிலை) கணக்கு வந்துரும், பேஸ் 960 கேபி ஆயிரும். உங்க முதல் அடி சரியாத்தான் ஓடியிருக்கு. ரெண்டாவது இன்ஸ்ட்ரக்ஷன் 1 எம்பி எல்லைக்கு 8101 பைட் கீழ இருக்கணும், அங்க நீங்க ஒன்னும் வைக்கலை.

நிஜ போர்டுல இந்தப் பிரச்சினையே எழாது. ஒரே ரோம் சிப்பை சிப்செட் ரெண்டு இடத்துல காட்டும்: 4 ஜிபிக்குக் கீழயும், 1 எம்பிக்குக் கீழயும். க்யூஎமுவும் அதேதான் பண்ணுது. பயாஸ் முழுசா உச்சில. அதோட கடைசி 128 கேபிக்கு மட்டும் 896 கேபில இருந்து ஒரு ஏலியாஸ்.

#5 நூல்கண்டு

அப்ப ரொம்ப சுலபம் ஆச்சே. ஒரே எம்மேப் பாயிண்டரை ரெண்டு ஸ்லாட்ல கொடுத்துட்டா போதும். கெஸ்ட் முகவரிதான் மோதக்கூடாது. ஹோஸ்ட் பக்க முகவரி ஒன்னா இருந்தா கேவிஎம் ஒன்னும் சொல்லாது. ரெண்டுக்கும் ரீட்-ஒன்லி ஃப்ளாக் போட்டுட்டா ரோம் மாதிரியே ஆயிரும். மெமரியும் மிச்சம்.

#6 அடிமட்டம்

மேல இருக்கறதுக்கு அது சரி. கீழ இருக்கறதுக்கு ஆகாது. சீபயாஸ் தன்னோட சில மாறிகளை அந்தக் கீழ்ப்பகுதிலயே வச்சு எழுதும். ரீட்-ஒன்லி ஸ்லாட்ல எழுதினா அது எம்எம்ஐஓ எக்சிட்டா உங்க கிட்ட வரும். நீங்க அதை ரோம்தானேன்னு கண்டுக்காம விட்டா, எழுதினதா நினைச்ச மதிப்பு அடுத்த ரீட்ல பழசாவே வரும். இந்த மாதிரி கோளாறைத் தேடறது மகா எரிச்சல். எங்கயும் பிழைன்னு வராது, ஆனா பத்தாயிரம் இன்ஸ்ட்ரக்ஷன் தள்ளி வேற எதுவோ உடையும்.

இன்டெல் 440எஃப்எக்ஸ் சிப்செட் இதை எப்படித் தீர்த்ததுன்னா, பிஏஎம்னு ஏழு ரெஜிஸ்டர். 768 கேபில இருந்து 1 எம்பி வரைக்கும் துண்டு துண்டா, படிக்கறது ரோமுக்கா ரேமுக்கா, எழுதறது ரோமுக்கா ரேமுக்கான்னு தனித்தனியா திருப்பலாம். சீபயாஸ் எழுந்ததும் பிசிஐ பஸ்ல 440எஃப்எக்ஸ் இல்ல க்யூ35 பிரிட்ஜைத் தேடும். கிடைச்சா பிஏஎம்மைத் திறந்து, 4 ஜிபிக்குக் கீழ இருக்கற ரோம்ல இருந்து தன்னையே கீழ ரேமுக்கு நகலெடுத்துக்கும். அதனாலதான் மேல் மேப்பிங்கும் வேணும், கீழ் மேப்பிங்கும் வேணும்.

உங்க விஎம்எம்ல பிரிட்ஜ் எமுலேஷன் இல்லைன்னு நினைக்கறேன். குறுக்கு வழி ஒன்னு இருக்கு. ஸ்லாட் எதையும் உடைக்க வேண்டாம். ரேம் ஸ்லாட் அப்படியே இருக்கட்டும், விசிபியுவை ஓட்டறதுக்கு முன்னாடி 256 கேபியையும் 768 கேபி முகவரிக்கு ஒரு மெம்காப்பி பண்ணிருங்க. மேல ரீட்-ஒன்லி ஸ்லாட், கீழ சாதாரண ரேம். கெஸ்ட் ரீசெட் ஆகறப்பெல்லாம் மறுபடி நகலெடுக்கணும், மறந்துராதீங்க. எழுதி அழுக்கான நகல்ல இருந்து ரெண்டாம் தடவை பூட் ஆனா, ஏற்கெனவே எழுந்தாச்சுன்னு சீபயாஸ் நினைச்சுக்கும்.

#7 சுழியன்

மெம்காப்பி போட்டேன், இப்ப ஐஓ எக்சிட் வருது! ஆனா 402-ல ஒரே ஒரு ரீட் மட்டும். ரைட் எதுவும் இல்லை. அப்புறம் வேற போர்ட்களுக்குப் போயிருது.

#8 கோர்டம்ப்

அந்த ரீட்டுக்கு 233 திருப்பிக் கொடுங்க. டீபக் போர்ட் இருக்கான்னு சீபயாஸ் அப்படித்தான் சோதிக்கும். வேற மதிப்பு வந்தா போர்ட் இல்லைன்னு முடிவு பண்ணி வாயை மூடிக்கும்.

#9 சுழியன்

அருமை! பதிப்பு எண்ணோட முதல் வரி வந்துருச்சு. அடுத்ததா பிரிட்ஜ் காணோம், ரேமைத் திறக்க முடியலைன்னு ஒரு புலம்பல். #6-ல சொன்னது அப்படியே. அதைத் தாண்டியும் போகுது. ஆனா ரேம் அளவு தப்பா எடுத்துக்குது.

#10 கோர்டம்ப்

ஃபர்ம்வேர் கான்ஃபிக் இன்டர்ஃபேஸ் வழியா இ820 பட்டியல் (எங்கெங்க ரேம் இருக்குன்னு சொல்றது) கொடுக்கலைன்னா சிமாஸ்ல (போர்டோட சின்ன செட்டிங்ஸ் மெமரி) தேடும். ஹெக்ஸ் 34, 35 ரெண்டு பைட்டும் 16 எம்பிக்கு மேல, 4 ஜிபிக்குக் கீழ இருக்கற ரேம், 64 கேபி அலகுல. 4 ஜிபிக்கு மேல இருக்கறதுக்கு 5பி-ல இருந்து மூணு பைட். மேப்பிங்ல ஒன்னு, சிமாஸ்ல ஒன்னுன்னு இருந்தா லினக்ஸ் இல்லாத ரேமைத் தொட்டு விழும்.

#11 தறிநாடா

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், கிட்டத்தட்ட இதே வேலைதான் நானும் பண்றேன், ஆனா ஓவிஎம்எஃப் (பயாஸுக்குப் பதிலா வந்த யுஇஎஃப்ஐ வகை, விஎம்முக்கான ஃபர்ம்வேர்) வச்சு. எனக்கு கீழ் நகல் எதுவும் இல்லாமலே பூட் ஆகுதே? அடிமட்டம் சார் சொல்றது யுஇஎஃப்ஐக்குப் பொருந்தாதா?

இன்னொன்னு. கோட் கோப்பு (ஃபர்ம்வேர் நிரல்), வார்ஸ் கோப்பு (பூட் வரிசை மாதிரி மாறிகள்) ரெண்டையும் ரீட்-ஒன்லியா மேப் பண்ணியிருக்கேன். பூட் ஆகுது, ஆனா பூட் வரிசையை மாத்தினா அடுத்த தடவை தங்க மாட்டேங்குது. வார்ஸ் ஸ்லாட்ல இருந்து மட்டும் ரீட்-ஒன்லி ஃப்ளாக்கை எடுத்துட்டு எம்மேப்-ஐ ஷேர்டா பண்ணிட்டா கோப்புலயே எழுதிரும்ல?

#12 அடிமட்டம்

முதல் கேள்விக்கு: ஓவிஎம்எஃப் ரீசெட் வெக்டர்ல ஃபார் ஜம்ப் இல்லைம்மா. பக்கத்துலயே, அதே 64 கேபிக்குள்ள தாவும். சிஎஸ் மறுபடி ஏறாததால உயரத்துல இருக்கற பேஸ் அப்படியே நிக்கும். அங்க இருந்தபடியே ஜிடிடியை (செக்மென்ட் விவர அட்டவணை) ஏத்தி 32 பிட்டுக்குப் போயிரும், 1 எம்பிக்குக் கீழ எட்டிப் பாக்கவே வேண்டியதில்லை. பழைய பயாஸ் இடைமுகத்தைத் தாங்க வேண்டிய சுமை அதுக்குக் கிடையாது.

ரெண்டாவது கேள்விக்கு நூல்கண்டு பதில் சொல்றதுக்குள்ள நானே சொல்லிடறேன்: பண்ணாதீங்க.

#13 நூல்கண்டு

ஹாஹா, நான் சொல்ல வந்ததே அதான் சார். ஏன் கூடாது? வார்ஸ் விஎம்முக்கு ஒரு தனி நகல்தானே. கோட் கோப்பை ஷேர்டா எழுத விட்டாதான் ஆபத்து. ஒரு கெஸ்ட் எழுதினது அதே கோப்பைப் பயன்படுத்துற எல்லா கெஸ்டுக்கும் போயிரும், ஹோஸ்ட் வட்டுலயும் தங்கிரும். அது ஓட்டைதான், ஒத்துக்கறேன். ஆனா தனி வார்ஸ் கோப்புல என்ன?

#14 அடிமட்டம்

பாதுகாப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், முதல்ல அது வேலையே செய்யாது. ஓவிஎம்எஃப் எழுந்ததும் வார்ஸ் பகுதில ஒரு பைட்டைத் தேர்ந்து அதுல ஃப்ளாஷ் கட்டளைகளை எழுதிப் பாக்கும். எழுதின எண்ணே திரும்ப வந்தா இது ரேம். பழைய பைட்டே வந்தா இது ரோம். துடைச்ச ஸ்டேட்டஸ் மதிப்பு வந்தா மட்டும்தான் நிஜ ஃப்ளாஷ். டீபக் பில்டு வச்சு 402 போர்ட்டைக் கேட்டீங்கன்னா எப்படி நடந்துக்குதுன்னு ஒரு வரியில அதுவே சொல்லும். தறிநாடாவோட இப்போதைய அமைப்பை அது ரோம்னு முடிவு பண்ணியிருக்கும். நூல்கண்டு சொல்ற மாதிரி பண்ணினா ரேம்னு முடிவு பண்ணும். ரெண்டுலயும் மாறிகளை மெமரில போலியா வச்சுக்கிட்டு ஓடும், நிரந்தரமா தங்காது.

தங்கணும்னா ஃப்ளாஷ் சிப் மாதிரி நடிக்கணும். சிஎஃப்ஐ (ஃப்ளாஷ் சிப்களுக்கான பொது இடைமுகம்) கட்டளைத் தொகுப்பு பெருசா ஒன்னும் இல்லை. ஹெக்ஸ்ல 10 ஒரு பைட் எழுத, 20 ஒரு பிளாக்கை அழிக்க, 50 ஸ்டேட்டஸைத் துடைக்க, 70 ஸ்டேட்டஸைப் படிக்க, எல்லா பிட்டும் ஒன்னா இருக்கற 255 வந்தா சாதாரணமா படிக்கற நிலைக்குத் திரும்ப. அழிப்புன்னா அந்த பிளாக்கை 255-ஆல நிரப்பணும், சுழியால இல்லை. இதுலதான் பலரும் கோட்டை விடறது.

சூட்சுமம் படிக்கற பக்கத்துலதான். சாதாரண நிலைல கெஸ்ட் நேரடியா மெமரில இருந்து படிக்கலாம், ரீட்-ஒன்லி ஸ்லாட் போதும். எழுதினா எக்சிட் வரும். ஆனா ஒரு கட்டளை வந்த பிறகு அதே முகவரில படிச்சா டேட்டா வரக்கூடாது, ஸ்டேட்டஸ் வரணும். அப்ப ஸ்லாட்டையே எடுத்துட்டு படிக்கறதையும் எக்சிட்டா மாத்தணும். 255 வந்ததும் ஸ்லாட்டைத் திரும்பப் போடணும். க்யூஎமு இதே வேலையைத்தான் பண்ணுது. உங்க சின்ன விஎம்எம்முக்கு அவ்வளவு வேண்டாம்னா, வார்ஸ் பகுதிக்கு ஸ்லாட்டே கொடுக்காம எல்லா ரீடையும் எம்எம்ஐஓவா பிடிங்க. அங்க இருந்து யாரும் நிரல் ஓட்டறதில்லை, அதனால மெதுவா இருக்கும், ஆனா சரியா இருக்கும்.

#15 தறிநாடா

நன்றி சார். கோட், வார்ஸ் எது மேல எது கீழன்னு ஒரு தடவை உறுதி பண்ணிக்கறேன். 4 எம்பி பில்டுல வார்ஸ் 528 கேபி, கோட் 3568 கேபி. ரெண்டும் சேர்ந்தா சரியா 4 எம்பி.

#16 கோர்டம்ப்

வார்ஸ் கீழ, கோட் மேல. வார்ஸ் 4 ஜிபிக்கு 4 எம்பி கீழ தொடங்கும், அது முடியற இடத்துலயே கோட் ஒட்டிக்கிட்டு ஆரம்பிச்சு 4 ஜிபி எல்லையைத் தொடும். மாத்தி வச்சா ரீசெட் வெக்டர் வார்ஸோட வால்ல போய் விழும், அப்புறம் சுழியனோட கதைதான். நடுவுல ஒரு பக்கம் கூட இடைவெளி விடாதீங்க. இந்த முகவரிகள் ஓவிஎம்எஃப் பில்டு ஆகறப்பவே உள்ள பதிஞ்சிருக்கு.

பழைய இன்டெல் சிபியுவுல ஓட்டற எண்ணம் இருந்தா இன்னொரு விஷயம். அன்ரெஸ்ட்ரிக்டட் கெஸ்ட் (ரியல் மோடை நேரா ஓட்டற) வசதி இல்லாத சிபியுல ரியல் மோடுக்காக கேவிஎம்முக்கு டிஎஸ்எஸ்னு (டாஸ்க் ஸ்டேட் செக்மென்ட்) மூணு பக்கமும், ஐடென்டிடி மேப்புக்கு ஒரு பக்கமும் கெஸ்ட் முகவரில வேணும். க்யூஎமு அந்த நாலையும் 4 ஜிபிக்கு 16 எம்பி கீழ, அந்த எல்லைக்கு அடில வச்சிருக்கு. 16 எம்பி வரை ஃபர்ம்வேர் வளர்ந்தாலும் மோதாது. இந்த ஒழுங்கை அப்படியே எடுத்துக்கறது நல்லது.

#17 மின்தடை

ஏஆர்எம் பக்கம் இருந்து ஒரு குரல். இங்க உச்சி, அடி, பிஏஎம்னு எந்த வரலாற்றுப் பாரமும் இல்லை. க்யூஎமு விர்ட் மெஷின்ல ஃப்ளாஷ் முகவரி 0-லயே தொடங்குது, 64 எம்பி வீதம் ரெண்டு வங்கி. ரேம் 1 ஜிபில இருந்து. யுஇஎஃப்ஐ கோப்பை 64 எம்பிக்கு நீட்டி நிரப்பிக் கொடுத்தா வேலை முடிஞ்சது.

ஆனா அடிமட்டம் அண்ணன் கடைசியா சொன்ன "ஸ்லாட் இல்லாம எல்லாத்தையும் எம்எம்ஐஓவா பிடி"ங்கறதை இங்க கண்ணை மூடிக்கிட்டு செய்யாதீங்க. எக்ஸ்86-ல கேவிஎம் இன்ஸ்ட்ரக்ஷனைப் படிச்சு எமுலேட் பண்ணும். ஏஆர்எம்ல வன்பொருள் கொடுக்கற சின்ட்ரோம் (எதனால நின்னுச்சுங்கற) தகவலை மட்டும்தான் நம்பும். ஒரே இன்ஸ்ட்ரக்ஷன்ல ரெண்டு ரெஜிஸ்டரை ஏத்தற ஜோடி லோடு மாதிரி சிலதுக்கு அந்தத் தகவலே வராது. ஸ்லாட் இல்லாத இடத்துல அப்படி ஒன்னு ஓடினா கேவிஎம் கைவிரிச்சிரும், ஓட்டுற அழைப்பே இநோசிஸ்னு (இந்த வசதி இல்லை) பிழையோட திரும்பும். மெம்காப்பியை உகந்ததா எழுதின எந்த லைப்ரரிலயும் அந்த ஜோடி லோடு இருக்கும்.

#18 நூல்கண்டு

இவ்வளவு பாடுபட்டு ஃப்ளாஷ் எமுலேட் பண்றதுக்கு ஃபர்ம்வேரை ரேம்லயே ஏத்தி ஓட்டிட்டா என்ன? எஸ்இவி-எஸ்என்பி (ஏஎம்டியோட மெமரி குறியாக்க வசதி) விஎம்ல அப்படித்தானே பண்றாங்க.

#19 அடிமட்டம்

அங்க வேற வழி இல்லாததால. கெஸ்டோட பிரைவேட் மெமரிக்கு ரீட்-ஒன்லி ஸ்லாட் ஒத்து வராது. ஃபர்ம்வேரை விஎம் தொடங்கும் முன்னாடியே மெமரில வச்சு, அளந்து, குறியாக்கம் பண்ணிடணும். எழுதினதை எக்சிட்ல பிடிச்சு எமுலேட் பண்ற ஹோஸ்டையே நம்பக்கூடாதுங்கறதுதான் அங்க அடிப்படை. அதனால க்யூஎமுல அந்த வகை கெஸ்டுக்கு பிஃப்ளாஷ் (ஃப்ளாஷ் சிப் எமுலேஷன்) கிடையாது, பயாஸ் ஆப்ஷன்தான். அங்க நிரந்தர மாறிகளை விட்டுக்கொடுத்துதான் அதை வாங்கறாங்க. தறிநாடா கேக்கறதே அந்த மாறிகளைத்தான்.

#20 சுழியன்

கடைசியா ஒன்னு. தறிநாடா சொன்னதைப் பாத்து நானும் ஃப்ளாஷ் எமுலேஷனை முயற்சி பண்றேன். ஓடிக்கிட்டிருக்கற ஸ்லாட்ல ரீட்-ஒன்லி ஃப்ளாக்கை மட்டும் மாத்தி அதே ஸ்லாட் எண்ணோட அழைச்சா இஇன்வால் (செல்லாத மதிப்பு) பிழை வருது. டர்ட்டி லாக் (எந்தப் பக்கத்துல எழுதப்பட்டதுன்னு குறிக்கறது) ஃப்ளாக்கை அப்படி மாத்த முடியுது, இதை மட்டும் ஏன் முடியலை?

#21 கோர்டம்ப்

இருக்கற ஸ்லாட்டோட கெஸ்ட் முகவரியை நகர்த்தலாம், டர்ட்டி லாக்கை மாத்தலாம். அளவு, ஹோஸ்ட் முகவரி, ரீட்-ஒன்லி மூணையும் மாத்த முடியாது. அளவு சுழின்னு ஒரு அழைப்பு போட்டு ஸ்லாட்டை நீக்கிட்டு, புதுசா சேருங்க.

அந்த ரெண்டு அழைப்புக்கும் நடுவுல அங்க ஸ்லாட்டே இல்லைங்கறதை மறந்துராதீங்க. இன்னொரு விசிபியு அதே நேரம் அந்தப் பகுதில நிரல் ஓட்டிக்கிட்டிருந்தா #2-ல சொன்ன சப்எரர் 1 வந்து விழும், அதுவும் எப்பவாவதுதான் வரும். எல்லா விசிபியுவையும் கேவிஎம் ரன்ல இருந்து வெளிய வரவச்சு, அதை உறுதி பண்ணின பிறகு நீக்குங்க.